நம்மிடம் கேட்டால் என்ன சொல்வோம்?

(பொன்விழா ஆண்டையொட்டி 2018 ஜூலை மாதம் நம் சங்கக் கூடத்தில் வாசிக்கப்பட்ட உரை)





இந்த உரையை ஒருவர் வாசித்தாலும் எழுதியது நால்வர். ஒருவர் உணவுக்கடை நடத்துபவர். ஒருவர் கணக்காளர். ஒருவர் துறைமுகத்தில் முப்பது ஆண்டுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒருவர் ஆசிரியை. 'நாங்கள்' என்று வரும் இடத்திலெல்லாம் நால்வரும் சேர்ந்தே சொல்கிறோம். இரண்டு விஷயங்களில் எங்களுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

விழாக்குழு எங்களுக்குக் கொடுத்த தலைப்பு 'நாட்டுப் பொருளியலின் எதிர்காலப் போக்கும் மக்கள் கருத்தும்'. தலைப்பைக் கேட்டதும் நம் உறுப்பினர் ஒருவர், "அதற்குப் பொருளியல் படித்தவரை அல்லவா கூப்பிட வேண்டும், நமக்கு என்ன தெரியும்?" என்றார். அவர் தேக்காவில் இருபத்தெட்டு ஆண்டுகளாக மளிகைக்கடை வைத்திருப்பவர். வெங்காயம் எந்த மாதம் ஏறும், வாடகை எப்போது உயரும், எந்த வாடிக்கையாளர் மாதக் கடைசியில் கடன் சொல்வார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அவர் தனக்கு ஒன்றும் தெரியாது என்கிறார். இந்த ஐம்பது ஆண்டுகளில் நாட்டின் பொருளியல் பாதை திரும்பிய ஒவ்வொரு முறையும் நாம் சொன்னது இதைத்தான்.

முதல் திருப்பம் நம் சங்கம் பிறந்த ஆண்டிலேயே வந்தது. 1968 ஜனவரியில் பிரிட்டிஷ் அரசாங்கம், 1971க்குள் தன் படைகளைச் சிங்கப்பூரிலிருந்து மீட்டுக்கொள்ளப் போவதாக அறிவித்தது. செம்பவாங் கடற்படைத் தளம், சிலேத்தார், தெங்கா, சாங்கி விமானத் தளங்கள் எல்லாம் சேர்ந்து அன்றைய நாட்டு வருமானத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைக் கொடுத்துவந்தன. தளத்துக்குள் சம்பளம் வாங்கியவர்கள் மட்டுமா? தளத்து வாசலில் தேநீர் ஆற்றியவர், சீருடை வெளுத்தவர், படைவீரர் வீட்டில் சமைத்தவர், அவர்களுக்குக் கடன் கொடுத்த கடைக்காரர் என்று பல்லாயிரம் குடும்பங்கள் அதை நம்பியிருந்தன. ஊரிலிருந்து கப்பலேறி வந்த நம் முன்னோரில் பலருக்கும் அது மாதச் சம்பளம் கொடுத்த இடம்.

சங்கத்தின் முதல் கூட்டக் குறிப்புப் புத்தகம் அலமாரியில் இன்னும் இருக்கிறது. இந்த உரைக்காக எடுத்துப் பார்த்தோம். மை மங்கி, ஓரம் கரையான் அரித்திருந்தாலும் படிக்க முடிகிறது. சந்தா எவ்வளவு, ஜனாஸா நிதிக்கு யார் பொறுப்பு, நோன்புக் கஞ்சிக்கு அரிசி யார் கொடுப்பது என்று மூன்று பக்கம் போகிறது. நான்காம் பக்கத்தில் ஒரு வரி: தளம் மூடினால் வேலை இழப்போர் ஒட்டுக்கடை போட விரும்பினால், ஆளுக்கு நூற்றைம்பது வெள்ளி வரை கைமாற்றாகக் கொடுப்பது.

வேறெதுவும் இல்லை. அரசாங்கத்துக்கு மனு இல்லை, தொழிற்சங்கத்துக்குக் கடிதம் இல்லை. அன்று யாரும் அவர்களிடம் கருத்துக் கேட்கவுமில்லை. அவர்கள் கையில் இருந்ததை வைத்து முடிவு எடுத்தார்கள். அந்தப் பணத்தில் தொடங்கிய மீ கோரெங் கடை ஒன்று இரண்டு தலைமுறை ஓடியது. அதில் வளர்ந்த பிள்ளைகள் இங்கே மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

நாடு அன்று எடுத்த பாதை உங்களுக்குத் தெரியும். கடற்படைப் பட்டறை செம்பவாங் கப்பல் பட்டறையாக மாறியது. ஜூரோங்கில் தொழிற்சாலைகள் வந்தன. வெளிநாட்டு நிறுவனங்களை வரவேற்றார்கள். 1968இல் வந்த வேலைவாய்ப்புச் சட்டம் வாரத்துக்கு 44 மணி நேர வேலை என்று வகுத்தது. பொது விடுமுறைகளும் குறைந்தன. தொழிலாளர் விட்டுக்கொடுத்தால்தான் முதலீடு வரும் என்பது அன்றைய கணக்கு. வந்தது. ஆனால் நம் வீடுகளில் அப்போது நடந்த விவாதம் சட்டத்தைப் பற்றியதல்ல. மின்னணுத் தொழிற்சாலைகள் இளம்பெண்களை வேலைக்கு எடுக்கத் தொடங்கியபோது, "நம்ம வீட்டுப் பெண்பிள்ளை ராத்திரி ஷிப்டுக்குப் போவதா?" என்பதுதான் கேள்வி. எத்தனை வீட்டில் அத்தாமார்கள் இரண்டு நாள் பேசாமல் இருந்தார்கள்! அதுவும் பொருளியலைப் பற்றிய மக்கள் கருத்துதான். போக விட்ட வீடுகளில் தம்பிமார் படித்தார்கள். போக விடாத வீடுகளில் என்ன ஆனது என்று சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது 1985. சுதந்திரத்துக்குப் பின் நாடு கண்ட முதல் பொருளியல் பின்னடைவு. அதற்கு முந்தைய ஆறேழு ஆண்டுகள் சம்பளம் வேகமாக ஏறியிருந்தது. மத்திய சேம நிதிக்கு முதலாளி 25 விழுக்காடு, தொழிலாளி 25 விழுக்காடு என்று கட்டிக்கொண்டிருந்தார்கள். அப்போது இளம் துணை அமைச்சராக இருந்த திரு லீ சியன் லூங் தலைமையில் பொருளியல் குழு ஒன்று அமைந்தது. அதன் அறிக்கை 1986 பிப்ரவரியில் வந்தது. தலைப்பே 'புதிய திசைகள்' என்பதுதான். செலவைக் குறைக்க வேண்டும் என்று அந்தக் குழு சொன்னது. ஏப்ரல் மாதம் முதலாளியின் சேம நிதிப் பங்கு 25லிருந்து 10 விழுக்காடானது.

இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மாதம் 800 வெள்ளி சம்பளம் வாங்கிய ஒருவருக்கு, கையில் வரும் பணம் ஒரு காசும் குறையவில்லை. ஆனால் அவர் கணக்கில் விழ வேண்டிய 120 வெள்ளி மாதந்தோறும் விழவில்லை. வீட்டுத் தவணையைச் சேம நிதியிலிருந்து கட்டிக்கொண்டிருந்தவர்கள் திடீரென்று கையிலிருந்து எடுத்துப் போட வேண்டியதாயிற்று. எங்கள் நால்வரில் துறைமுகத்தில் வேலை பார்த்தவர் அதை இன்றும் மறக்கவில்லை. "அந்த வருஷம் பெருநாளைக்குப் பிள்ளைகளுக்குத் துணி எடுக்கவில்லை" என்கிறார். அதே வேளையில் நம் சங்கத்தில் கடை வைத்திருந்தவர்களுக்கு அது மூச்சு விட்ட மாதிரி இருந்தது. பத்துப் பேருக்குச் சம்பளம் போட்டவருக்கு, இரண்டு பேரை நிறுத்தாமல் காலம் தள்ள முடிந்தது. நிறுத்தப்படாமல் தப்பிய அந்த இருவரும் நம் உறுப்பினர்கள்தான்.

ஆக, ஒரே முடிவு இந்தக் கூடத்தின் வலப்பக்கத்துக்கு நஷ்டம், இடப்பக்கத்துக்கு லாபம், நடுவில் இரண்டு பேருக்கு வேலை. மறு ஆண்டே பொருளியல் எழுந்துவிட்டது என்பது உண்மை. வெட்டிய பங்கு முழுமையாகத் திரும்பவே இல்லை என்பதும் உண்மை. இதைப் பற்றி நம் சங்கத்தில் ஒரு கூட்டமாவது நடந்ததா என்று தேடினோம். அந்த ஆண்டுக் குறிப்பில் மீலாது விழாச் செலவும் கால்பந்துப் போட்டிச் செலவும்தான் இருக்கின்றன. சண்டை வரும் என்று பேசாமல் இருந்துவிட்டோம் போலும். அரசாங்கம் மக்கள் கருத்தைக் கேட்பதற்கென்றே கருத்தறியும் பிரிவு ஒன்றைத் தொடங்கியதும் அதே 1985இல்தான்.

பிறகு 2004, 2005. இதைச் சொல்லாமல் போனால் நாங்கள் நேர்மையாகப் பேசியதாக ஆகாது. சூதாட்டக்கூடத்துடன் கூடிய ஒருங்கிணைந்த உல்லாசத்தலம் வேண்டுமா வேண்டாமா என்று நாடே ஓராண்டுக்கு மேல் விவாதித்தது. சமய அமைப்புகள் எதிர்த்தன, சமூக சேவையாளர்கள் எதிர்த்தார்கள், பல்லாயிரம் பேர் கையெழுத்திட்டார்கள். அமைச்சரவைக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை என்பதைப் பிரதமர் மறைக்கவில்லை. 2005 ஏப்ரல் 18ஆம் தேதி நாடாளுமன்றத்தில் முடிவு அறிவிக்கப்பட்டது: இரண்டு தலங்கள் வரும், ஏறத்தாழ 35,000 வேலைகள் கிடைக்கும், சூதாட்டக்கூடத்துக்குள் போகும் சிங்கப்பூரர் நாளுக்கு 100 வெள்ளி கட்ட வேண்டும்.

நாமும் எதிர்த்தோம். எதிர்த்ததில் எங்களுக்கு இன்றும் வருத்தமில்லை. மார்க்கத்தில் அது பற்றி இரண்டு கருத்து கிடையாது. வருத்தம் வேறு. சுற்றுப்பயணிகள் வருகையில் நாடு பின்தங்குகிறது, வேலைகள் வேண்டும் என்று அரசாங்கம் சொன்னபோது, "சரி, இது வேண்டாம், அந்த 35,000 வேலைக்கு எங்கள் யோசனை இது" என்று நாம் ஒரு வரி சொல்லவில்லை. வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டோம். 2010இல் இரண்டும் திறந்தன. குளிர்சாதனப் பராமரிப்பில் பட்டயம் படித்த நம் தம்பி ஒருவர் சங்கத்துக்கு வந்து, "அங்கே ஹோட்டல் பகுதியில் வேலை கிடைக்கிறது, போகலாமா?" என்று கேட்டார். ஃபத்வா கேட்பது என்றால் உலமாக்களிடம் போயிருப்பார். அவர் கேட்டது அதையல்ல. "நீங்கள் எல்லாம் எதிர்த்தீர்களே, எனக்கு வேறு என்ன வழி வைத்திருக்கிறீர்கள்?" என்பதுதான் அவர் கேள்வி. நம்மிடம் பதில் இல்லை. அவர் என்ன முடிவு எடுத்தார் என்பது அவருடைய சொந்த விஷயம். நம் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் எழுந்து போனதுதான் எங்கள் மனத்தில் நிற்கிறது.

அதன் பிறகு கேட்பதற்குக் குறைவில்லை. 2012இல் தொடங்கிய 'நமது சிங்கப்பூர் கலந்துரையாடல்' ஓராண்டு நடந்தது. 660 அமர்வுகளுக்கு மேல், 47,000 பேருக்கு மேல். தமிழிலும் நடந்தது. அதன் நடுவே 2013 ஜனவரியில் மக்கள்தொகை வெள்ளை அறிக்கை வந்தது. 2030க்குள் மக்கள்தொகை 65 முதல் 69 லட்சம் ஆகலாம் என்று அதில் இருந்த கணக்கு, அடுத்த மாதமே ஹோங் லிம் பூங்காவில் ஆயிரக்கணக்கானோரைக் கூட்டியது. வேகமான வளர்ச்சி வேண்டுமா, நெரிசல் குறைந்த வாழ்க்கை வேண்டுமா என்ற கேள்விக்கு மக்களில் பெரும்பகுதி சற்று நிதானமாகவே போகலாம் என்றது அந்த நாள்களில்தான். 2017 பிப்ரவரியில் எதிர்காலப் பொருளியல் குழு அறிக்கை தந்தது. திரு ஹெங் சுவீ கியட்டும் திரு ஈஸ்வரனும் தலைமை வகித்த அந்தக் குழு 9,000க்கும் மேற்பட்டோரைக் கலந்தாலோசித்ததாகச் சொல்கிறது. ஆண்டுக்கு 2 முதல் 3 விழுக்காடு வளர்ச்சி போதும், ஆனால் திறனும் புதுமையும் வேண்டும் என்பது அதன் சாரம்.

அந்த 9,000 பேரில் நம் சங்கத்தார் எத்தனை பேர் என்று விசாரித்தோம். எங்களுக்குத் தெரிந்து ஒருவர். அவரும் தன் நிறுவனம் அனுப்பியதால் போனவர்.

எனவே சென்ற மாதம், நோன்புப் பெருநாள் முடிந்த இரண்டாம் சனிக்கிழமை, மஃரிபுக்குப் பின் இதே கூடத்தில் ஒரு சிறு கூட்டம் வைத்தோம். நாற்பது பேரளவில் வந்தார்கள். தேநீரும் கறிபாப்பும் உண்டு. நாட்டின் பொருளியல் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று ஒரே கேள்வி கேட்டோம். நீண்ட நேரம் எடுத்தது வெளிநாட்டு ஊழியர் விவகாரம். அதை விரிவாகச் சொல்கிறோம், ஏனெனில் நாங்கள் நால்வரும் ஒத்துப்போகாத முதல் இடம் அது.

உணவுக்கடை வைத்திருப்பவர் சொல்வது இது. சேவைத் துறையில் வேலை அனுமதிச் சீட்டில் ஆள் எடுக்க வேண்டுமென்றால் மலேசியா, சீனா, இன்னும் ஒரு சில இடங்களிலிருந்துதான் எடுக்கலாம். தமிழ்நாட்டிலிருந்து பிராட்டா மாஸ்டரை அந்தச் சீட்டில் கொண்டுவர முடியாது. எஸ் பாஸ் வேண்டும். அதற்குக் குறைந்தது 2,200 வெள்ளி சம்பளம் காட்ட வேண்டும், தீர்வை தனி. அதுவும் மொத்த ஊழியரில் 15 விழுக்காடுதான். பத்துப் பேர் வேலை செய்யும் கடைக்கு ஒருவர். அந்த ஒருவர் ஊருக்குப் போனால் கடையில் பிராட்டா கிடையாது. உள்ளூர்ப் பிள்ளைகளை வேலைக்குக் கூப்பிட்டால் இரண்டு வாரம் நிற்கிறார்கள். இந்த மாதம் தண்ணீர்க் கட்டணம் இரண்டாம் முறையாக ஏறியிருக்கிறது. வாடகையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். "கதவைக் கொஞ்சம் திறந்தால் நாங்கள் பிழைப்போம், நாங்கள் பிழைத்தால்தான் சங்கத்துக்கு நன்கொடையே" என்றார். சிரிப்பு எழுந்தது. அவர் சிரிக்கவில்லை.

எதிர்ப்பக்கம் பேசியது அவருடைய சொந்த மகள். நிதித் துறையில் இருப்பவர். தன் பிரிவில் ஆள் எடுக்கும்போது மேலாளர் தன் நாட்டுக்காரரையே அடுத்தடுத்து எடுத்தார் என்றும், தனக்குக் கிடைக்க வேண்டிய பதவி உயர்வு இரண்டு ஆண்டு தள்ளிப்போனது என்றும் சொன்னார். வேலையிடத்தில் நியாயமான பரிசீலனைக்கு 2014 முதல் விதிமுறை இருக்கிறது. விளம்பரம் போட்டார்கள், நேர்காணலும் நடந்தது, ஆள் ஏற்கெனவே முடிவாகியிருந்தது என்பது அவர் குற்றச்சாட்டு. "அத்தா, உங்களுக்கு ஆள் வேண்டும் என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் நீங்கள் திறக்கச் சொல்லும் கதவு வழியாக வருபவர் உங்கள் சமையலறைக்கு மட்டுமா வருவார்?" என்று கேட்டார். கூடம் அமைதியாகிவிட்டது. அப்பாவும் மகளும் ஒரே காரில் வந்தவர்கள். ஒரே காரில்தான் திரும்ப வேண்டும்.

எங்கள் கணக்காளர் மகளின் பக்கம். நாட்டின் ஊழியர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் வெளிநாட்டவர். அதற்கு மேல் போனால் முதலாளிகள் இயந்திரமும் வாங்க மாட்டார்கள், சம்பளமும் ஏற்ற மாட்டார்கள் என்கிறார். உணவுக்கடைக்காரர், பிராட்டா வீசுவதற்கு இயந்திரம் காட்டுங்கள், நாளைக்கே வாங்குகிறேன் என்கிறார். ஆசிரியை வேறொன்றைச் சொன்னார்: ஒரு தாய்க்குச் சராசரியாக 1.16 பிள்ளை என்பதுதான் சென்ற ஆண்டுக் கணக்கு. நம் பாட்டிமார் எட்டுப் பெற்றார்கள், நாம் மூன்று, நம் பெண்கள் ஒன்று அல்லது இரண்டு. ஆள் வரவும் கூடாது, பிள்ளையும் கூடாது, கடையும் மூடக் கூடாது, விலையும் ஏறக் கூடாது என்றால் எப்படி? இதற்கு மட்டும் இரு தரப்பும் பதில் சொல்லவில்லை. நாங்கள் நால்வரும் எவ்வளவு பேசியும் ஒரு முடிவுக்கு வரவில்லை. கதவைத் திறப்பது மூடுவது என்று இல்லாமல், எந்தத் துறைக்கு, எந்த வேலைக்கு என்று பிரித்துக் கேட்க வேண்டும் என்பதில் மட்டும் ஒத்துப்போனோம். சமையல்காரருக்கான விதியும் வங்கி அதிகாரிக்கான விதியும் வேறு வேறு என்பதே அன்று வந்தவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரியாமல்தான் இருவரும் இத்தனை நாள் வீட்டில் சண்டை போட்டிருக்கிறார்கள்.

இரண்டாவது, பொருள் சேவை வரி. 1994இல் 3 விழுக்காட்டில் தொடங்கியது 2007இல் 7 ஆனது. 2021க்கும் 2025க்கும் இடையே 9 ஆகும் என்று இந்த பிப்ரவரி வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்துவிட்டார்கள். முதியோர் பெருகுவதால் மருத்துவச் செலவுக்கு வேண்டும் என்கிறது அரசாங்கம். கூட்டத்தில் வேண்டாம் என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். நல்லது. அடுத்த கேள்வியாகப் பலதுறை மருந்தகத்தில் கட்டணம் குறைய வேண்டுமா, முதியோருக்கு வீட்டிலேயே பராமரிப்பு உதவி வேண்டுமா என்று கேட்டோம். அதற்கும் ஒரே குரல்: வேண்டும். பணம் எங்கிருந்து என்றோம். "பணக்காரரிடம்" என்றார் ஒருவர். "ஜக்காத் மாதிரி சொத்தின் மீது போடலாமே" என்றார் இன்னொருவர். அது விவாதிக்கத் தகுந்த கருத்துதான். எங்களில் இருவர் சொத்து வரி, உயர் வருமான வரி பக்கம். இருவர், நாட்டுக்கு முதலீடு வருவதே வரி குறைவு என்பதால்தானே என்று அஞ்சுகிறார்கள். ஒரு சின்ன விவரம் பலருக்குப் புதிது: ஆண்டு விற்பனை பத்து லட்சம் வெள்ளிக்குக் குறைந்த கடை இந்த வரிக்குப் பதிய வேண்டியதில்லை. ஆனால் அது வாங்கும் சரக்குக்கு வரி கட்டிவிட்டுத்தான் வருகிறது. அதைத் திரும்பப் பெறவும் முடியாது. ஆகவே 'நான் வரி வாங்குவதில்லை' என்று சொல்லும் நம் மளிகைக்கடை பாய் உண்மையில் அதைச் சுமந்துகொண்டிருக்கிறார், அல்லது விலையில் ஏற்றிவிட்டிருக்கிறார்.

நாணய மாற்றுத் தொழிலில் இருப்பவர்கள் அதிகம் பேசவில்லை. பழைய சேஞ்ச் ஆலியில் நின்றவர்களின் பிள்ளைகள் அவர்கள். 1989இல் அது மூடியபோது வேறு கட்டடத்துக்கு மாறினால் போதுமாயிருந்தது. இப்போது வாடிக்கையாளர் அட்டையையும் கைப்பேசியையும் வைத்துக்கொண்டு ஊர் சுற்றுகிறார். மின்னிலக்கப் பொருளியல் என்று அறிக்கை சொல்வதை இவர்கள் எதிர்க்கவில்லை. ஐம்பத்தைந்து வயதில் எங்கே போவது என்று மட்டும் கேட்டார்கள். 25 வயதுக்கு மேற்பட்ட குடிமக்களுக்கு 500 வெள்ளி திறன்வளர்ப்புத் தொகை 2016 முதல் இருக்கிறது. அன்று வந்தவர்களில் அதைப் பயன்படுத்தியவர் கை தூக்குங்கள் என்றோம். ஐந்து கை. அதில் இரண்டு கேக் அலங்கார வகுப்பு. தவறில்லை, கேக் நன்றாகவே இருந்தது.

இதையெல்லாம் ஏன் சொல்கிறோம்? மஷூரா செய்வது நமக்குப் புதிதல்ல. குர்ஆனில் ஷூரா என்ற பெயரிலேயே ஓர் அத்தியாயம் உண்டு. ஒரு கல்யாணம் என்றால் பிரியாணிக்கு எந்த அரிசி என்பது வரை கூடிப் பேசி முடிவெடுப்பவர்கள் நாம். நாட்டு விவகாரம் என்றால் மட்டும் தேநீர்க் கடையில் பேசிவிட்டு, கேட்கும் இடத்தில் வாய் திறப்பதில்லை. திறந்தாலும் வேண்டும், வேண்டாம் என்று நிறுத்திக்கொள்கிறோம். 1968இல் இருந்த பெரியவர்கள் அதிகம் படித்தவர்கள் அல்லர். ஆனால் அந்த ஒற்றை வரியில் யாருக்கு, எவ்வளவு, யார் கையிலிருந்து என்ற மூன்றும் இருந்தன. பெரிய பெரிய அறிக்கைகளைப் படித்துவிட்டு அந்தப் பக்கத்தைத் திரும்பப் பார்த்தபோது எங்களுக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

ஆகவே செயற்குழுவின் அனுமதியோடு ஒரு காரியம் தொடங்குகிறோம். நம் சங்கத்தின் கருத்து என்று ஒரு கடிதம் தமிழிலும் ஆங்கிலத்திலும் தயாரித்து, வரவுசெலவுத் திட்டத்துக்கு முன் கருத்துக் கேட்கும் காலத்தில் அரசாங்கத்தின் கருத்தறியும் பிரிவுக்கும் நம் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் அனுப்பப் போகிறோம். எல்லாரும் ஒத்துக்கொண்டதை மட்டும் எழுதினால் அரைப் பக்கம்கூட வராது. ஒத்துக்கொள்ளாததையும் இரு தரப்புக் காரணத்தோடு எழுதுவோம். உணவுக்கடைக்காரரின் பத்தியை அவர் மகள் எழுதுகிறார், மகளின் பத்தியை அவர் எழுதுகிறார். இருவரும் ஒப்புக்கொண்டார்கள். அவர் இன்னும் ஒரு வரிகூட எழுதவில்லை என்று அவர் மகள் எங்களிடம் புகார் சொல்லியிருக்கிறார்.

உங்கள் நாற்காலிகளில் ஒரு தாள் வைத்திருக்கிறோம். இரண்டு கட்டங்கள். இடப்பக்கம், நாட்டின் பொருளியலில் உங்களுக்கு என்ன வேண்டும். வலப்பக்கம், அதற்காக நீங்கள் எதை விட்டுக்கொடுக்கத் தயார்: கூடுதல் விலையா, கூடுதல் வரியா, குறைந்த லாபமா, காத்திருப்பா. சென்ற மாதம் இதே தாளைக் கொடுத்தபோது இடப்பக்கம் எல்லாரும் நிரப்பினார்கள். வலப்பக்கம் ஆறு பேர்தான் எழுதினார்கள். அந்த ஆறில் நான்கு பெண்கள் எழுதியவை. ஒரு தாய், "மகனுக்கு நிலையான வேலை கிடைக்குமானால் கடைச் சாப்பாட்டுக்கு 50 காசு கூடக் கொடுக்கத் தயார், ஆனால் அந்த 50 காசு தட்டு கழுவுபவருக்குப் போகிறது என்று யாராவது எனக்குக் காட்ட வேண்டும்" என்று எழுதியிருந்தார். அந்தத் தாளைக் கடிதத்தோடு அப்படியே இணைக்கலாம் என்றிருக்கிறோம். அவர் சம்மதம் கேட்டிருக்கிறோம்.

பேனா இல்லாதவர்கள் வாசலருகே மேசையில் எடுத்துக்கொள்ளலாம். பெயர் எழுத வேண்டியதில்லை. தொழிலும் வயதும் எழுதினால் போதும். பின் வரிசைத் தம்பி தங்கைகள் தேசிய சேவையில் இருந்தாலும் மாணவராக இருந்தாலும் அவசியம் எழுதுங்கள், அந்தக் கடிதத்தில் பேசும் ஆண்டுகளில் வேலை பார்க்கப்போவது நீங்கள்தான். இஷாவுக்கு இன்னும் முப்பது நிமிடம் இருக்கிறது. இஷாவுக்குப் பின் சாப்பாடு. இரண்டு கட்டங்களையும் நிரப்பியவர்களுக்குத்தான் பிரியாணி என்று செயலாளர் சொல்கிறார். விளையாட்டுக்குச் சொல்கிறாரா என்று எங்களுக்கும் தெரியவில்லை.

வஸ்ஸலாம்.